சட்டைக்கு வெளியே தெரியாத பலம்



ஒல்லியாக இருப்பவர்களில் சிலர் நாம் நம்பவே முடியாத அளவுக்குப் பளு தூக்குகிறார்களே, எப்படி? இதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும், இவர் கடுகுப் பழமொழியில்தான் ஆரம்பிப்பார் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆரம்பிக்கப் போவதில்லை. கடுகுக்குக் காரம் உண்டு என்று அந்தப் பழமொழி சொல்கிறது. ஏன் காரம் என்று சொல்வதில்லை. எனக்கு அந்த ‘ஏன்’ வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் பொறுக்கும்போது, வரிசையில் எவன் தடியாக இருக்கிறானோ அவனைப் பார்த்துத்தான் கை நீட்டுவேன். எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன் தெரியுமா? பின்வரிசையில் ‘நெத்திலி’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவன் நிற்பான். அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காது. அவனைக் கயிற்றின் கடைசியில் கட்டிவிட்டால் ஆறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அன்றிலிருந்து என் கண்ணை நானே நம்புவதில்லை.

இன்னொரு காட்சி. அரிசி மண்டி வாசல், காலை நேரம், லாரியில் வந்த லோடு இறங்குகிறது. எழுபத்தைந்து கிலோ மூட்டை. கீழே நிற்கும் லோடுமேனுக்கு ஐம்பது வயது இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். தலையில் துண்டை மடித்துப் போட்டு, இடுப்பை வளைத்து, முதுகைப் பலகை மாதிரி நீட்டுகிறார். லாரியில் நிற்பவர் மூட்டையைச் சரித்துவிடுகிறார். மூட்டை முதுகில் உட்கார்ந்த நொடியில் இவர் நகர்ந்துவிட்டார். எட்டு வைப்பதில்லை, சின்னச் சின்ன அடியாக ஓடுகிறார். அடுக்கின் பக்கத்தில் போய் ஒரு தோளை மட்டும் இறக்குகிறார். மூட்டை தன் இடத்தில் தானே போய்ப் படுத்துக்கொள்கிறது.

அன்று கடைக்கார நண்பரின் மகன், ஜிம்முக்குப் போகும் பையன், விளையாட்டாக ஒரு மூட்டையை வாங்கிப் பார்த்தான். நல்ல உடம்பு. நாலடி போனான், மூட்டையோடு பக்கவாட்டில் சாய்ந்தான். லோடுமேனிடம் கேட்டேன்: “எப்படிண்ணே தூக்குறீங்க?” அவர் சிரித்தார். “நான் எங்க சார் தூக்குறேன்? அது மேல உக்காருது. நான் அடியில நடக்கிறேன்.” இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒலிம்பிக் மேடையில் இதற்கு வேலை வருகிறது.

முதலில் ஒரு கணக்கு. ஜார்ஜியா நாட்டுக்காரர் லாஷா தலகாட்ஸே. பளுதூக்கும் உலகத்தில் இவர் ஒரு மலை. உடல் எடை 170 கிலோவுக்கு மேல். 2021 டிசம்பரில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் முறையில், 267 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். உலகச் சாதனை. சரி, தன் எடையில் எத்தனை மடங்கு தூக்கினார்? ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே. அவ்வளவுதான்.

இப்போது 1988க்கு வாருங்கள். சியோல் ஒலிம்பிக். மேடைக்கு ஒரு மனிதர் வருகிறார். உயரம் 147 சென்டிமீட்டர். நம் வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் பக்கத்தில் நின்றால் பையன்தான் உயரமாகத் தெரிவான். நயீம் சுலைமானோக்லு. பல்கேரியாவில் துருக்கியச் சிறுபான்மைக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த நாட்டு அரசு அவருடைய பெயரையே மாற்றி வைத்தது. 1986இல் போட்டிக்காக மெல்போர்ன் போன இடத்தில் அணியை விட்டு மறைந்து, துருக்கிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் துருக்கிக்காக ஒலிம்பிக்கில் போட்டியிட பல்கேரியாவின் சம்மதம் வேண்டியிருந்தது. அந்தச் சம்மதத்துக்குத் துருக்கி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. அப்படி வந்தவர்தான் சியோலில் 60 கிலோ பிரிவில் நிற்கிறார்.

தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றும் ஸ்நாட்சில் 152.5 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 190 கிலோ. 60 கிலோ மனிதர், 190 கிலோ! தன் எடையின் மூன்று மடங்கையும் தாண்டித் தலைக்கு மேல்! கூட்டினால் 342.5. அடுத்த எடைப் பிரிவான 67.5 கிலோவில் அந்த ஒலிம்பிக்கின் தங்கம் 340 கிலோவுக்குப் போயிற்று. அதாவது, தன்னைவிடப் பெரியவர்களோடு போய் நின்றிருந்தாலும் தங்கம் இவருக்குத்தான். 1992, 1996 என்று அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கத்தை வேறு யாருக்கும் விடவில்லை. அவருக்கு ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல ஒரு பீமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு ஒன்றரை மடங்கு, சட்டைப்பை பீமனுக்கு மூன்று மடங்கு. இது என்ன நியாயம்?

இதற்குப் பதில் 1638இல் அச்சேறிவிட்டது. சொன்னவர் கலிலியோ. வானத்தைப் பார்த்த அதே கலிலியோதான், கிழவயதில் நாயையும் குதிரையையும் யோசித்தார். ஒரு சின்ன நாய் தன் அளவுள்ள இரண்டு மூன்று நாய்களை முதுகில் சுமந்துவிடும், ஒரு குதிரை தன் அளவுள்ள ஒரே ஒரு குதிரையைக்கூடச் சுமக்காது என்றார். ஏன்? தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. கயிறு எவ்வளவு நீளம் என்பதில் இல்லை, எத்தனை புரி என்பதில் இருக்கிறது பலம். பரப்பு இருமடி கணக்கில் வளரும். எடையோ மும்மடி கணக்கில் வளரும். 150 சென்டிமீட்டர் ஆளை அதே வார்ப்பில் 180 சென்டிமீட்டராக ஆக்கினால் பலம் 1.44 மடங்கு ஆகும், எடை 1.73 மடங்கு ஆகிவிடும். வரவைவிடச் செலவு வேகமாக ஏறுகிற குடும்பம் மாதிரி. எறும்பு தன்னைவிடப் பெரிய பருக்கையை இழுத்துப் போவதும் இந்தக் கணக்கில்தான். எறும்புக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது.

ஆனால், அன்பர்களே, இது பாதிப் பதில். ஒரே உயரம், ஒரே எடை, இரண்டு பேர். ஒருவர் தூக்குகிறார், ஒருவர் திணறுகிறார். அங்கே கலிலியோ உதவ மாட்டார். உள்ளே போக வேண்டும், தோலுக்கு உள்ளே.

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்திருக்கிறார்கள். ஆயிரம் பேரும் இழுக்கிறார்களா? பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தவர்கள். மீதியில் சிலர் இழுக்கும்போது சிலர் மூச்சு வாங்குகிறார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வேறு கிடக்கிறது. தேர் நகருமா? பக்கத்து ஊரில் இருநூறு பேர்தான். ஒரே குரலுக்கு ஒரே இழுப்பு. கட்டை போடுகிறவர் எப்போது எடுக்க வேண்டுமோ அப்போது எடுக்கிறார். தேர் தெருமுனை திரும்பிவிட்டது.

நம் தசையும் ஒரு தேர்தான். வடம் பிடிக்கும் ஆட்கள் தசைநார்கள். குரல் கொடுப்பது நரம்பு. பழக்கமில்லாத ஒருவர் முழுமூச்சாகத் தூக்குவதாக நினைக்கும்போதுகூட எல்லா நார்களுக்கும் முழு உத்தரவு போவதில்லை. மூளை முதலில் சின்னக் கூட்டத்தை எழுப்பும். முரட்டுக் கூட்டத்தைக் கடைசியில்தான், வேறு வழியில்லை என்றால்தான் எழுப்பும். முட்டுக்கட்டையும் உண்டு. முன்கையை மடக்கும் தசை இழுக்கும்போது, பின்பக்கத் தசை பயத்தில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கால் ஆக்ஸிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில். பயிற்சி என்ன செய்கிறது? உறங்கும் ஆட்களை எழுப்புகிறது, குரலை வேகப்படுத்துகிறது, கட்டையை எடுக்கிறது.

ஜிம்முக்குப் போன யாரையும் கேளுங்கள். முதல் மாதத்தில் தூக்கும் எடை கிடுகிடுவென்று ஏறும். ஆம்ஸ் வந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்தால் கை அப்படியே இருக்கும். தம்பி ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போவார். ஏமாற வேண்டாம் தம்பி! சதை வளர நாளாகும், நரம்பு அதற்கு முன்பே பாடம் படித்துவிட்டது. அந்தப் பாடத்தை மற்றவர்களைவிட வேகமாக, ஆழமாகப் படித்தவர்தான் நாம் பார்த்து வாய் பிளக்கும் அந்த ஒல்லி ஆள்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. வலது கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா இருந்த இடது கைக்கும் பலம் கூடியது. இடது கையில் சதை எப்படி வரும்? சதை வரவில்லை. கற்றுக்கொண்டது மேலே இருக்கும் மூளை.

1961இல் இன்னொன்று. இகாய், ஸ்டைன்ஹாஸ் என்ற இருவர் செய்தது. ஆளை உட்காரவைத்து, நிமிடத்துக்கு ஒரு தரம் முழுப் பலத்தோடு கையை மடக்கி இழுக்கச் சொன்னார்கள். நடுநடுவே, இழுப்பதற்குச் சில நொடிகள் முன்னால், முதுகுக்குப் பின்னால் திடீரென்று துப்பாக்கிச் சத்தம்! சத்தம் கேட்ட பிறகு இழுத்த இழுப்பில் பலம் கூடியிருந்தது. வாய்விட்டுக் கத்தி இழுத்தபோதும் கூடியது. அப்படியானால் அதற்கு முன் ‘முழுப் பலம்’ என்று சொல்லி இழுத்தார்களே, அது என்ன? இருப்பைக் காட்டாமல் மூளை அவர்களையே ஏமாற்றியிருக்கிறது. நம் ஆட்களுக்கு இதற்குச் சோதனைச்சாலை தேவைப்படவில்லை. கரைவலை இழுப்பவர்கள் ‘ஐலசா’ போடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது எல்லோரையும் ஒரே நேரத்தில் இழுக்கவைப்பதற்குத்தான். ஆனால் ஒவ்வொருவருடைய உடம்புக்குள்ளும் அந்தக் கத்தல் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது எலும்பு. இதை மாற்ற முடியாது, பிறக்கும்போது வந்த வரம். முழங்கையை ஒரு கீல் என்று வையுங்கள். கீலிலிருந்து உள்ளங்கை 35 சென்டிமீட்டர். முண்டாத் தசை முன்கை எலும்பில் வந்து ஒட்டும் இடம் கீலிலிருந்து 4 சென்டிமீட்டரில் இருந்தால், கையில் 10 கிலோவைப் பிடிக்கத் தசை ஏறக்குறைய 87 கிலோவுக்கு இழுக்க வேண்டும். இன்னொருவருக்கு அதே தசை 5 சென்டிமீட்டரில் ஒட்டியிருக்கிறது. அவருக்கு 70 கிலோ இழுத்தால் போதும். ஒரே ஒரு சென்டிமீட்டர். வெளியே தெரியுமா? எக்ஸ்ரே கண்ணாலும் சட்டென்று தெரியாது. கையின் நீளம், தொடையின் நீளம் எல்லாவற்றிலும் இந்த விளையாட்டு நடக்கிறது. ஜல்லி வாரும் ஷவலின் காம்பை எங்கே பிடிப்பது என்று தெரிந்த கொத்தனாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லாமர் கான்ட் என்று ஓர் அமெரிக்கர். பவர்லிஃப்டிங் வீரர். அவருக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. ஸ்கோலியோசிஸ் என்கிற குறை. “பளுவா? நினைக்கவே கூடாது” என்று யாரும் சொல்லக்கூடிய முதுகு. அந்த மனிதர் 1985இல், 60 கிலோ பிரிவில், 300 கிலோவை டெட்லிஃப்ட் செய்தார், அதாவது தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார். ஐந்து மடங்கு! அந்த எல்லையைத் தொட்ட முதல் மனிதர். எப்படி? கைகள் நீளம். முதுகு வளைந்ததால் உடல் குட்டை. நிமிர்ந்து நின்றால் கை முழங்காலை நெருங்கும். மற்றவர்கள் பளு மாட்டிய பாரைத் தொடை வரை கொண்டுவர வேண்டும், அவர் முழங்காலைத் தாண்டினால் வேலை முடிந்தது. ஊர் குறை என்று சொன்னதை நெம்புகோலாக்கிவிட்டார். அதனால் வளைந்த முதுகு உள்ள எல்லோரும் நாளைக்கு டெட்லிஃப்டுக்குப் போய்விடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

தசையிலும் ஜாதகம் உண்டு. கறிக்கடையில் கோழி வாங்கும்போது பார்த்திருப்பீர்கள், நெஞ்சுக்கறி வெளுப்பு, தொடைக்கறி கருஞ்சிவப்பு. நாள் முழுக்க நடக்கும் காலுக்கு நின்று உழைக்கும் நார். ஒரே ஒரு படபடப்பில் சுவரேறச் சிறகை அடிக்கும் நெஞ்சுக்கு வேக நார். நமக்கு இரண்டும் கலந்திருக்கின்றன. வேக நார் அதிகம் வாய்த்தவருக்குப் பளு எளிதாக வசப்படும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, பெற்றோரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இப்போது மேடைக்கு வருவோம். லோடுமேன் சொன்னது நினைவிருக்கிறதா? ‘அது மேல உக்காருது, நான் அடியில நடக்கிறேன்.’ ஸ்நாட்சை டிவியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீரர் பாரைத் தலைக்கு மேல் தூக்குகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். இல்லை! பார் இடுப்பைக் கொஞ்சம் தாண்டும் வரைதான் தூக்குகிறார். அந்த இடத்தில், ஒரு கணம், பாருக்கு எடையே இல்லாத மாதிரி மிதக்கிறது. அந்தக் கணத்தில் அவர் கீழே பாய்கிறார். குந்தியபடி பாருக்கு அடியில் போய்க் கைகளைப் பூட்டிவிடுகிறார். பிறகு கால் பலத்தில் எழுகிறார். பார் மேலே போவதில் பாதி, மனிதர் கீழே போவதில் பாதி. பயந்தவன் கீழே பாய மாட்டான். அவனுக்கு எவ்வளவு புஜம் இருந்தாலும் அந்த பார் வராது. குட்டையான ஆளுக்கு இங்கே இன்னொரு லாபம்: பார் போக வேண்டிய தூரமே குறைவு.

நம் தென் மாவட்டத்து இளவட்டக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக, வழுவழுவென்று, பிடிக்க ஓர் இடம் இல்லாமல் செய்து வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் வாலிபனுக்கு ஒரு காலத்தில் அதுதான் பரீட்சை. இருபது வயதில், தண்டால் எடுத்த திமிரில், நானும் போய்க் கை வைத்தேன். இரண்டு கையாலும் பற்றி விருட்டென்று இழுத்தேன். கல் அசையவில்லை, என் இடுப்பு அசைந்தது. வயலிலிருந்து வந்த ஒரு மாமா, என்னில் பாதி இருப்பார், மண்வெட்டியைக் கீழே போட்டார். கல்லை ஒட்டிக் குந்தி, குழந்தையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்தார். முழங்காலுக்கு ஏற்றினார், தொடையில் நிறுத்தி ஒரு மூச்சு. நெஞ்சுக்கு உருட்டினார். மூச்சை அடக்கி வயிற்றைப் பறை மாதிரி இறுக்கினார். தோளுக்குப் போயிற்று. பின்னால் போட்டார். தரை அதிர்ந்தது. “தள்ளி நின்னு இழுத்தா கல்லு உன்னை இழுக்கும் மாப்ளே, ஒட்டி நில்லு” என்றார். பாரை உடம்போடு ஒட்டிக் கொண்டு போ என்று இன்றைக்குக் கோச்சுகள் சொல்வது இதைத்தான். மூச்சை ஏன் அடக்கினார்? மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டிலை மிதித்தால் தாங்கும், மூடியைத் திறந்து மிதித்தால் நசுங்கும். வயிறு அந்த பாட்டில், முதுகெலும்புக்கு முட்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

தமிழ் மண்ணின் பலம் பளுதூக்கும் மேடைக்கும் போயிருக்கிறது. 1978இல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில், 52 கிலோ பிரிவில், தமிழகத்துக் கருணாகரன் தங்கம் வாங்கினார். 52 கிலோ என்றால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்காரலாம்! வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று தூக்கித் தங்கம் வென்றார், 2018இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும். இவர்களை வேட்டி சட்டையில் கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தால் ‘யாரோ நல்ல ஆரோக்கியமான தம்பி’ என்று மட்டும்தான் நினைப்போம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் கேட்டுவிட்டு, ‘ஒல்லிதான் பலம்’ என்று யாராவது வீட்டுக்குப் போனால் என் பேச்சு தோற்றது. ஒரே ஆளுக்குச் சதை கூடினால் பலம் கூடும், அதில் சந்தேகமே இல்லை. மொத்த எடையில் மலைகளை யாரும் வெல்ல முடியாது. பளுதூக்கும் ‘ஒல்லி’ ஆட்களின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள், தொடையும் முதுகும் கடைந்தெடுத்த மாதிரி இருக்கும். அவர்களிடம் இல்லாதது கொழுப்பு. பசியில் மெலிந்தவர் வேறு. அந்த மண்டி லோடுமேனை நான் வியந்தேன், ஆனால் அவருடைய முழங்கால் படியேறும்போது முனகியதையும் கேட்டேன். நேபாளத்தில் நாம்சே சந்தைக்குப் போகும் சுமைகாரர்களை அளந்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்து மலையேறினார்கள். உலகம் ஆச்சரியப்பட்டது. ஆச்சரியப்பட்டதோடு நிறுத்திக்கொண்டது என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பலம் விளையாட்டில் வந்ததில்லை, பிழைப்பில் வந்தது.

கடைசியாக ஒரு பெண். மணிப்பூரில் நோங்போக் காக்சிங் என்ற கிராமம். அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தங்கை தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தத் தங்கை மீராபாய் சானு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சி. மூன்றும் போயிற்று. கணக்கில் மொத்தமே வரவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 49 கிலோ பிரிவில் அதே கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ, அன்றைய உலகச் சாதனை. ஜூலையில் டோக்கியோவில் 202 கிலோ மொத்தம், ஒலிம்பிக் வெள்ளி. ரியோவில் 48 கிலோ பிரிவு, டோக்கியோவில் 49 கிலோ பிரிவு. எடையில் வித்தியாசம் ஒரே ஒரு கிலோ. மேடையில் வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பார்த்தீர்கள். அந்த ஒரு கிலோவுக்குள் இந்த மாற்றத்தையெல்லாம் அடக்கிவிட முடியுமா?

எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். முன்வரிசையில் ஒரு தம்பி, சட்டைக் கை கிழிகிற மாதிரி புஜத்தோடு, நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கட்டிய கையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் ஒல்லி நண்பர் அவரை இடித்துக்கொண்டே இருக்கிறார். மைக்கை அந்த இருவரிடம் கொடுங்கள். முதல் கேள்வியை யார் கேட்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.